மனத்திடம்: எங்கள் வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டைச் சுற்றி இருக்கிற தோட்டங்களிலும், தாமான் என்கிற வீட்டுக் குடியிருப்புகளிலும் உள்ளவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. கோயில் மண்டபத்திலும், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் கூட்டத்திலும், துக்க வீட்டு வாசலிலும் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தவை. ஆளுக்கு ஆள் வார்த்தை மாறும், சந்தேகம் மாறாது. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன்.

மனத்திடம்னா எதுக்கும் கலங்காம கல்லு மாதிரி இருக்கணுமா?

வேண்டியதில்லை. அடி விழுந்தால் வலிக்கும், அழுகை வரும். அழுது முடித்து, சில நாளோ சில மாதமோ கழித்து, மறுபடி சோறாக்கவும் வேலைக்குப் போகவும் பிள்ளைகளோடு சிரித்துப் பேசவும் திரும்பி வருகிறோமே, அதைத்தான் இங்கே மனத்திடம் என்கிறேன்.

கலங்காத மாதிரி காட்டிக்கொள்வது வேறு. வேலை போனதை வீட்டில் சொல்லாமல் தினமும் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு மோட்டாரில் கிளம்பிப் போகிறவர் பார்வைக்கு ரொம்பத் திடமாகத் தெரிவார். ஆனால் பாரம் முழுவதும் அவர் ஒருவர் தலையில். உதவி கேட்க வேண்டிய நாட்களும் அதிலேயே கழிந்துவிடும்.

இதெல்லாம் பிறவிக் குணம்தானே? எங்கப்பாவுக்கு இருந்துச்சு, எனக்கு இல்லை.

பிறவிக் குணத்துக்கும் பங்கு உண்டு, ஆனால் ஒரு பங்குதான். ஹவாயில் கவாய் என்று ஒரு தீவு இருக்கிறது. அன்று அதுவும் நம்மைப் போல் தோட்டக்காடாக இருந்தது: கரும்பு, அன்னாசி. ஜப்பானிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வாரிசுகள் அங்கே நிறைய. 1955-இல் அந்தத் தீவில் பிறந்த 698 குழந்தைகளை எமி வெர்னர், ரூத் ஸ்மித் என்ற இரு ஆய்வாளர்கள் நடுவயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடி, ஓயாத வீட்டுச் சண்டை, பெற்றோரின் மனநோய் என்று பல சுமைகளை ஒன்றாகத் தாங்கி வளர்ந்த பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினர் நல்ல மனிதர்களாக, தன்னம்பிக்கையோடு தலையெடுத்தார்கள்.

அவர்களிடம் பொதுவாக இருந்தவற்றைப் பாருங்கள். பாட்டியோ அத்தையோ ஆசிரியரோ, அந்தப் பிள்ளையை மனதார ஏற்றுக்கொண்ட பெரியவர் ஒருவராவது இருந்தார். வீட்டில் செய்தே ஆக வேண்டிய ஒரு வேலை இருந்தது. பற்றிக்கொள்ள ஒரு நம்பிக்கையும், போய்ச் சேர ஒரு கூட்டமும் இருந்தன. பதின்ம வயதில் தடம் மாறியவர்களில்கூடப் பலர், படிப்பு, நல்ல துணை, நிலையான வேலை என்று ஏதோ ஒன்று அமைந்து, முப்பது நாற்பது வயதுக்குள் மீண்டுவிட்டார்கள். ஆகவே உங்கள் வயது எதுவானாலும் கதவு மூடிவிடவில்லை.

பாட்டி தாத்தா காலத்துல இதைவிடக் கஷ்டம். அவங்க யாரும் இப்படிச் சோர்ந்து போகலையே?

அதிகம் வருவது இந்தக் கேள்விதான், நான் மிகவும் யோசித்ததும் இதற்காகத்தான். முதலில் ஒன்றை ஒத்துக்கொள்வோம். அவர்களும் சோர்ந்தார்கள். கள்ளுக்கடையும் சம்சு என்ற மலிவுச் சாராயமும் எத்தனை குடும்பத்தைக் குலைத்தன என்று பழைய ஆட்களைக் கேட்டால் சொல்வார்கள். வாயைத் திறக்காமல் அடி வாங்கிய பெண்களின் கதை எல்லா லயத்திலும் (தோட்டத்து வரிசை வீடுகளிலும்) உண்டு. அந்த வேதனையைச் சொல்வதற்கு அன்று வழி இல்லை, அதனால் நம் காதுக்கு வந்து சேரவில்லை.

ஆனாலும் அவர்களைத் தாங்கிப் பிடித்த ஏற்பாடுகள் இருந்தன. விடியுமுன் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுவார்கள். ஒருவர் வரவில்லை என்றால் ஏன் வரவில்லை என்பது சூரியன் ஏறுவதற்குள் தெரிந்துவிடும். தூக்கம் கலையாத பிள்ளையைத் துணியோடு சுருட்டி ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுத்தான் அம்மாக்கள் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனார்கள். தண்ணீர் பிடிக்கிற இடத்தில் முகத்தைப் பார்த்தே, "ராத்திரி என்ன சண்டை?" என்று கேட்க ஓர் அக்கா இருந்தார். சாவு விழுந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து சோறு வந்தது. தோட்டங்களைத் துண்டாடி விற்க ஆரம்பித்தபோது, நம் ஊர்க்காரரும் அன்றைய அமைச்சருமான துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகப் போட்ட பணத்திலேயே தோட்டங்களை வாங்கினார்கள். தனி ஆளால் தாங்க முடியாததைச் சேர்ந்து தாங்கிய கதைதான் அதுவும்.

பிறகு லயம் போனது, நாம் பிளாட்டுக்கும் தாமானுக்கும் வந்தோம். வசதி கூடியது, அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் இரும்புக் கேட்டைப் பூட்டிக்கொண்டு ஒருவர் மூன்று நாள் வெளியே வராவிட்டாலும் இன்று பக்கத்து வீட்டுக்குத் தெரிவதில்லை. தாத்தாவைத் தாங்கியதில் பாதி நம்மிடம் இல்லை, அதை நாமேதான் மறுபடி கட்டிக்கொள்ள வேண்டும். ஒரு கேள்வியை உங்களிடமே கேட்டுப் பாருங்கள்: இரண்டு நாள் என்னைக் காணவில்லை என்றால் யார் தேடி வருவார்? இரண்டு பெயராவது வர வேண்டும். வரவில்லை என்றால் உங்கள் முதல் வேலை அதுதான். ஞாயிற்றுக்கிழமை ஒரு வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். பலகாரம் செய்தால் பக்கத்து வீட்டுக்கு ஒரு தட்டு கொடுத்தனுப்புங்கள். யாரும் கூப்பிடட்டும் என்று காத்திருக்காமல் நீங்களே தொடங்குங்கள்.

சரி, ஆள் தேடுறது மெதுவா நடக்கட்டும். இன்னைக்கே செய்ய ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க.

தூக்கம். தூக்கம் கெட்டவனுக்குச் சின்னப் பேச்சும் பெரிய குத்தாகத் தெரியும். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும். தினமும் ஒரே நேரத்தில் எழுவது, எழுந்ததும் கொஞ்சம் வெளிச்சத்தில் நடப்பது, படுக்கும்போது கைப்பேசியை வேறு அறையில் வைப்பது. இந்த மூன்றும் செலவில்லாதவை.

தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்ப்பவர்களுக்கு இது சிரமம், தெரியும். ஷிப்டின் பின்பாதியில் கோப்பி வேண்டாம். குடித்து ஐந்து மணி நேரம் ஆன பிறகும் அதன் வீரியத்தில் பாதி உடம்பில் இருக்கும். ஜன்னலுக்குக் கனமான கறுப்புத் துணி போடுங்கள். வீட்டில் ஒரு பேச்சு வைத்துக்கொள்ளுங்கள்: நீங்கள் தூங்கும் நேரத்தில் மிக்சியும் தொலைக்காட்சியும் கிடையாது, சொந்தக்காரர் வந்தாலும் எழுப்பக் கூடாது.

மனசு படபடன்னு அடிச்சுக்கும்போது உடனே என்ன பண்றது?

நான்கு எண்ணும் வரை மூச்சை இழுங்கள், ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். ஐந்து நிமிடம் போதும். விடும் மூச்சு நீளமானால் இதயத் துடிப்பு மட்டுப்படும். பாதம் தரையில் நன்றாகப் பதிந்திருக்கட்டும். நெஞ்சு இறுகி, வலி கைக்கோ தாடைக்கோ பரவி, வியர்த்துக் கொட்டினால் மட்டும் மூச்சுப் பயிற்சியில் நேரம் போக்காமல் 999-ஐ அழையுங்கள்.

கொஞ்சம் உக்காந்தாலே சோம்பேறின்னு மாமியார் சொல்றாங்க. ஓய்வு எடுக்குறது தப்பா?

உங்கள் மாமியார் தோட்டத்தில் பால் வெட்டியவராக இருந்தால் அவருக்கே இது தெரிந்திருக்கும். பால்மரத்தை ஒரு நாள் வெட்டினால் மறுநாள் விடுவதுதான் நெடுங்காலப் பழக்கம். பட்டையை மட்டும் மெல்லிசாகச் சீவ வேண்டும். கத்தி உள்மரத்தில் பட்டால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாகிவிடும், பிறகு அங்கே நேராக வெட்ட முடியாது. அளவாகச் சீவி, ஆற விட்ட பக்கத்தில் புதுப்பட்டை வளரும், அதே மரம் பல ஆண்டு பால் கொடுக்கும்.

மனிதருக்கும் ஆற நேரம் வேண்டும். வேலை, சமையல், பிள்ளை, வயதானவர் பராமரிப்பு என்று எல்லாம் ஒரே ஆளின் தலையில் விழுந்த வீட்டில், வாரத்தில் அரை நாள் அவருக்கென்று ஒதுக்கச் சொல்லி நான் வீட்டாரிடம் நேரடியாகவே கேட்டிருக்கிறேன். அந்த அரை நாளில் அவர் தூங்கலாம், பசார் மாலாம் என்ற இரவுச் சந்தைக்குப் போகலாம், சும்மா இருக்கலாம். கணக்குக் கேட்கக் கூடாது.

பிரச்சினையே பணம்தான். மூச்சை இழுத்து விட்டா கடன் அடையுமா?

அடையாது. பணக் கவலைக்குப் பண வழிதான் வேண்டும். அதே சமயம், கை இறுகினால் மூளையும் இறுகும் என்பதற்குச் சான்று உண்டு. தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகளிடம் செய்த ஓர் ஆய்வு 2013-இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. அறுவடைக்கு முன்பு கையில் காசில்லாத சமயத்திலும், அறுவடை முடிந்து காசு வந்த பிறகும், அதே ஆட்களுக்கு யோசனைத் திறனைச் சோதித்தார்கள். காசில்லாதபோது மதிப்பெண் குறைந்தது. ஆள் ஒருவரேதான், கவலைதான் அவருடைய யோசனையைத் தின்றது. ஆகவே நெருக்கடியான வாரத்தில் பெரிய முடிவு எதுவும் எடுக்காதீர்கள். கையெழுத்துப் போட வேண்டிய எதையும் இரண்டு நாள் தள்ளுங்கள், நிதானமான ஒருவரை உடன் வைத்துக்கொண்டு படியுங்கள்.

அப்புறம் காரியத்துக்கு வருவோம். வங்கிக் கடன், கிரெடிட் கார்டு, மோட்டார் தவணை கழுத்தை நெரித்தால் ஏ.கே.பி.கே.யிடம் போகலாம். மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006-இல் அமைத்த கடன் ஆலோசனை அமைப்பு அது, ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. ஆலோங் என்ற உரிமமில்லாத வட்டிக்காரரிடம் வாங்கிய கடன் அவர்கள் வேலை இல்லை, மிரட்டல் வந்தால் போலீஸில் ரிப்போர்ட் செய்யுங்கள். ஆட்குறைப்பில் வேலை போனவருக்குச் சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு அமைப்பின் வேலை காப்புறுதித் திட்டம் 2018 முதல் இருக்கிறது. வேலை போன 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். முதல் பதிலில் சொன்ன, தினமும் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்புகிறவர் இழப்பது இந்த 60 நாளைத்தான். கூட்டுப் பணம் (சீட்டு) பிடிக்கலாமா என்று கேட்கிறார்கள். கூட்டு நடத்துவதை 1971-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது, நடத்துகிறவர் ஓடிவிட்டால் பணமும் போகும், உறவும் போகும். மாதம் இருபது முப்பது வெள்ளி (ரிங்கிட்) ஆனாலும் உங்கள் பெயரில் தனிக் கணக்கில் போடுங்கள். நள்ளிரவில் மோட்டார் செயின் அறுந்தால் மறுநாள் வேலைக்குப் போக அந்தப் பணம் இருக்கும்.

யார்கிட்ட சொல்றது? இங்க ஒருத்தர்கிட்ட சொன்னா சாயங்காலத்துக்குள்ள ஊருக்கே தெரிஞ்சிடும்.

நியாயமான பயம். சின்ன ஊரில் இது நடக்கிறது. எல்லாரிடமும் சொல்ல வேண்டாம். மற்றவர்களின் சமாச்சாரத்தை உங்களிடம் கொண்டு வராத ஒருவரைத் தேடுங்கள், அவர் உங்கள் சமாச்சாரத்தையும் வெளியே கொண்டு போக மாட்டார். முதலில் சின்ன விஷயம் ஒன்றைச் சொல்லிப் பாருங்கள். "அண்ணே, வழி சொல்ல வேண்டாம், பத்து நிமிஷம் கேட்டா போதும்" என்று தொடங்கினால் கேட்பவருக்கும் சுலபம்.

ஒருவரும் இல்லை என்றால் காகிதம் இருக்கிறது. மனத்தை அழுத்துவதைத் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம் கல்லூரி மாணவர்களை எழுதச் செய்து ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் ஆராய்ந்து, 1986-இல் வெளியிட்டார். எழுதிய உடனே மாணவர்களுக்கு மனம் கனத்தது. ஆனால் அடுத்த மாதங்களில் மருத்துவரிடம் போவது குறைந்தது. தேதிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் போதும். எழுதிவிட்டு எரித்துவிடலாம். குரல்தான் வேண்டும் என்றால், மனக்குறையைக் காது கொடுத்துக் கேட்கும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் எண் 03-7627 2929, நாள் முழுக்க இயங்குகிறது. உங்கள் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. தமிழில் பேச ஆள் இருக்கிறாரா என்று முதலிலேயே கேளுங்கள்.

சாமியைக் கும்பிட்டா போதாதா?

கும்பிடுங்கள். கவாய்த் தீவில் மீண்டவர்களுக்கும் நம்பிக்கை துணையாக இருந்தது. கோயிலில் பாதி பலன் கூடவே நிற்கிற மனிதர்களிடமிருந்து வருகிறது என்பது என் எண்ணம். அன்னதானத்துக்கு வெங்காயம் உரிக்கப் போங்கள், பேச்சு தானாக வரும். ஆனால் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால், அதை நிறுத்திவிட்டுப் பரிகாரம் செய்யச் சொல்பவரிடம் மட்டும் போகாதீர்கள்.

பிள்ளைங்களைக் கஷ்டம் தெரியாம வளர்த்துட்டோமோன்னு பயமா இருக்கு.

கஷ்டத்தைத் தேடிக் கொடுக்க வேண்டாம், பொறுப்பைக் கொடுங்கள். எட்டு வயதுப் பிள்ளை அரிசி களையலாம், தன் பள்ளிச் சட்டையை மடிக்கலாம். புத்தகத்தை மறந்துவிட்டுப் போனால் நீங்கள் மோட்டாரில் எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள், ஆசிரியரிடம் பிள்ளையே சொல்லட்டும்.

நம் பிள்ளைகளுக்குப் பெரிய மேடு ஒன்று இருக்கிறது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் எல்லாரும் எல்லாரையும் தெரிந்து வளர்ந்த பிள்ளை, படிவம் ஒன்றில் மலாய்மொழி இடைநிலைப்பள்ளிக்குப் போய் நாற்பது புது முகங்களுக்கு நடுவில் உட்கார்கிறது. பேச்சு குறையும், பள்ளிக்குப் போகும் நாளில் வயிற்று வலி வரும். அதைச் சோம்பல் என்று அடித்துவிடாதீர்கள். அந்த முதல் சில மாதங்கள், "இன்னைக்கு யாரோட சாப்பிட்ட?" என்று தினமும் கேளுங்கள். மதிப்பெண்ணை அப்புறம் கேட்கலாம்.

அம்மா இறந்து எட்டு மாசம் ஆச்சு. இன்னும் அழுவுறேன். நான் பலவீனமா?

இல்லை. கருமாதி முடிந்ததும் துக்கமும் முடிந்தது என்று ஊர் நினைக்கும், மனம் அப்படி நினைக்காது. அம்மா இல்லாத முதல் தீபாவளி, அவர் பயன்படுத்திய சேலை, அவர் சமைக்கும் மணம் எல்லாம் அழ வைக்கும். இழப்புகளை ஆராய்ந்த ஜார்ஜ் பொனானோ போன்றவர்கள், பெரும்பாலோர் சிகிச்சை இல்லாமலேயே அன்றாட வாழ்க்கைக்குத் திரும்புகிறார்கள் என்று காட்டியிருக்கிறார்கள். அழுகையும் வேலையும் சேர்ந்தே நடக்கும்.

ஆறு மாதம் தாண்டியும் தினமும் அதே உக்கிரம், குளிக்கவோ சாப்பிடவோ யாரையும் பார்க்கவோ முடியவில்லை என்றால் அது உதவி தேவைப்படும் துக்கம். அடுத்த பதிலைப் படியுங்கள்.

எப்போ டாக்டர்கிட்ட போகணும்? கிளினிக்ல பைத்தியம்னு எழுதிட மாட்டாங்களா?

இரண்டு வாரம் கணக்கு வையுங்கள். பெரும்பாலான நாட்களில் மனம் கனத்து, பிடித்தது எதுவும் பிடிக்காமல், தூக்கமும் பசியும் கெட்டு, வேலை ஓடாமல் இருந்தால் போங்கள். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். மனநலப் பரிசோதனை என்றால், கடந்த இரண்டு வாரம் எப்படி இருந்தது என்று சில கேள்விகள் கேட்பார்கள். இரத்த அழுத்தம் பார்க்கிற அதே இடத்தில்தான் இதுவும் நடக்கிறது. சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்ணான ஹீல் 15555.

செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே சொல்லுங்கள், அவசரமானால் 999. போலீஸ் பிடிக்கும் என்று பயந்து மறைத்தவர்கள் உண்டு. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய, தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. வீட்டில் ஒருவர் அப்படிப் பேசினால் தனியாக விடாதீர்கள், களைக்கொல்லி மருந்து வீட்டில் இருந்தால் முதலில் அதை அப்புறப்படுத்துங்கள். தோட்டப்புறத்தில் அது சுலபமாகக் கைக்குக் கிடைக்கிறது என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

எல்லாம் செஞ்சேன், நல்லா இருந்தேன். மறுபடி விழுந்துட்டேன். அப்போ எதுவும் வேலை செய்யலைதானே?

முதல் தடவை எழுந்திருக்க எவ்வளவு நாள் ஆனது, இந்தத் தடவை எவ்வளவு சீக்கிரம் உதவி கேட்டீர்கள் என்று பாருங்கள். முதலில் எது நழுவியது என்றும் பாருங்கள். பலருக்குத் தூக்கம்தான் முதலில் போகிறது, பிறகு ஆள் பழக்கம் நிற்கிறது. அந்த ஒன்றை மட்டும் திரும்பப் பிடியுங்கள்.

வீட்டுக்காரர் குடிச்சுட்டு அடிக்கிறார். பொறுத்துக்கிட்டு இருக்குறதுதானே மனத்திடம்?

இல்லவே இல்லை, தங்கச்சி. மனம் மீண்டு எழுவதற்கு முதலில் அடி நிற்க வேண்டும். 1994-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் உங்களுக்காக இருக்கிறது. 2017-இல் செய்த திருத்தத்தால் சமூகநல அதிகாரியே ஏழு நாளுக்கு அவசரப் பாதுகாப்பு ஆணை கொடுக்க முடியும். இப்படிப்பட்டவர்களுக்கான அரசாங்க உதவி எண்ணான தாலியான் காசே 15999. காயம் இருந்தால் அரசாங்க மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய் அடித்தார் என்றே சொல்லுங்கள், விழுந்துவிட்டேன் என்று சொல்லாதீர்கள். அங்கே எழுதப்படுவது பிறகு சான்றாகும். அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், கொஞ்சம் பணம் ஆகியவற்றை ஒரு பையில் போட்டு நம்பிக்கையானவர் வீட்டில் வையுங்கள்.

முதலாளி சம்பளத்தைப் பிடிச்சு வைக்கிறார். அதையும் மனத்திடத்தால சமாளிக்கணுமா?

சிலர் அப்படித்தான் போதிக்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. உங்களுக்குச் சேர வேண்டியதைக் கேட்பதும் மனத்திடம்தான். வீட்டு வேலை செய்பவர்கள் நீங்கலாக, 2025 ஆகஸ்டு முதல் சின்ன முதலாளிகளிடம் வேலை செய்பவருக்கும் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. தோட்டத்தில் வேலை என்றால் 1954-இல் அமைந்த தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் இருக்கிறது. மற்றவர்கள் தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம்.

சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, வேலை நாளையும் நேரத்தையும் குறித்த நோட்டு எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். நோட்டு இல்லை என்றால் இன்றிலிருந்தே எழுத ஆரம்பியுங்கள். அதே நிலையில் உள்ள இரண்டு பேரையும் சேர்த்துக்கொண்டு போங்கள், தனியாகப் போகாதீர்கள்.